மொத்தமும் ஹெச்சு

மாரிமுத்து கேட்டது ஒரே ஒரு கக்கூஸ். நாலடி அகலம், ஆறடி நீளம். அதற்கு மேல் ஓர் அங்குலம்கூட அவர் கேட்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிற்பாடு ஃபைலில் அவரிடம் இருப்பதெல்லாம் அதிகம் என்று எழுதிவைத்தார்கள்.

அவர் மனைவி ராணி ஆடி மாசத்து மழையில் வாசற்படியில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீடு என்றால் தங்கச் சுரங்கக் கம்பெனி அந்தக் காலத்தில் தொழிலாளிகளுக்குக் கட்டிக் கொடுத்த லைன் வீடு. ஒரே நீளச் சுவரில் இருபத்து நாலு வீடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருவர் இருமினால் மூன்று வீட்டில் தூக்கம் கெடும். லைன் முழுமைக்கும் சேர்த்து ஒரு பொதுக் கக்கூஸ், கோடியில். மாரிமுத்து வீட்டிலிருந்து நூற்றுப் பத்துத் தப்படி. காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், ராணியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, முன்பக்கம் மாரிமுத்துவும் பின்பக்கம் அடுத்த வீட்டு திலீப்பும் தூக்கிக்கொண்டு போவார்கள். லைனே வாசலில் நின்று பார்க்கும்.

ராணி மானஸ்தி. வேடிக்கைப் பொருளாக ஆனது அவளுக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். வாயை நனைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்தன. டாக்டர் கத்தினார்: "வூட்டுக்குள்ள ஒரு டாய்லெட் கட்டுங்க. இல்லன்னா அடுத்த தடவ கிட்னிக்கு வந்து நிப்பீங்க."

கட்ட என்ன தடை? செங்கல் வந்து இறங்கிவிட்டது. கொத்தனாரும் இருந்தார். ஆனால் அனுமதித் தாளைக் கண்ணில் காட்டாமல் கரண்டியைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். போன மாசம் தாளில்லாமல் யாருக்கோ திண்டு கட்டப் போய் அவருடைய ரசமட்டத்தைப் பறிமுதல் செய்துவிட்டார்களாம். அது இன்னும் அனுமதி தருகிற ஆபீஸ் மேஜையில்தான் இருக்கிறது. அதன் மேல் காப்பி டம்ளர் வைக்கிறார்கள் என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது.

அந்த ஆபீசின் பெயர் ஒருங்கிணைந்த வரைபட ஒழுங்குப் பிரிவு. ராபர்ட்சன்பேட்டை பஜாரில், செருப்புக் கடைக்கு மேலே, மாடியில். அத்தனை நீளப் பெயரைச் சொல்லி மாடியேற யாருக்கு மூச்சிருக்கிறது? கோடு பார்க்கிற ஆபீஸ் என்பதால் கோட்டாபீஸ் என்பார்கள்.

பிளான் போட்டுத் தந்தவள் லவினா. பஜாரிலேயே ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பெரிய பிரிண்டரும் வைத்துக் கடை நடத்துகிற பெண். வீட்டை வந்து அளந்து, அரை நாளில் படத்தை முடித்துவிட்டாள். திரையில் சுவர்களுக்குள்ளே சாய்சாய்வாகக் கோடுகள் நிறைந்திருந்தன.

"இது இன்னாம்மா, சொவுத்துக்குள்ள மழ பேயுது?" என்றார் மாரிமுத்து.

"அதுக்குப் பேரு ஹேட்ச், அங்கிள். வெட்டிப் பாத்தா உள்ள செங்கல் கீதுன்னு காட்டறதுக்கு. சும்மா ஒரு அடையாளம்."

சும்மா ஒரு அடையாளம்! அந்த வார்த்தையை லவினா பிற்பாடு எத்தனை தரம் நினைத்து நினைத்து நொந்துகொண்டாள் என்று சொல்லி முடியாது.

நாலு நாளில் படம் திரும்பி வந்தது. சிவப்பு மையில் ஒரே வரி: ஹேட்ச் ஒழுங்கின்மை. மாரிமுத்துவும் லவினாவும் மாடியேறினார்கள். அங்கே ஹேமந்த் என்கிற இளம் அதிகாரி, பெங்களூரில் படித்து வந்த பையன், படத்தைத் திரையில் போட்டு ஆறாயிரத்து நானூறு சதவீதம் பெரிதாக்கிக் காட்டினான். பழைய சுவரும் புதுச் சுவரும் சேருகிற மூலையில், இந்தப் பக்கத்துச் சாய்கோடும் அந்தப் பக்கத்துச் சாய்கோடும் நேருக்கு நேர் தொடவில்லை. ஒரு மயிரிழை விலகி நின்றன.

"ஆக்சுவலி, இது சீரியஸ் அங்கிள்," என்றான்.

"செங்கல்லு சேரும் இல்ல, தம்பி? கொத்தனாரு சேத்துடுவாரு."

"செங்கல் எங்க டிபார்ட்மென்ட் இல்ல."

பிரிவின் தலைவி நளினி மேடம் உள்ளறையிலிருந்து எழுந்து வந்தார். நல்ல மனுஷி, கத்தமாட்டார், உட்காரச் சொல்லித்தான் பேசுவார். உட்கார நாற்காலி இல்லையென்பது வேறு விஷயம்.

"நோடி, மிஸ்டர் மாரிமுத்து," என்று, இங்கே பாருங்கள் என்பதைக் கன்னடத்தில் சொல்லி ஆரம்பித்தார். "கட்டடம் விழுந்தா ஒரு தடவதான் விழும். படம் தப்பா இருந்தா ஃபைல்ல நூறு வருஷம் தப்பாவே இருக்கும். எது ஆபத்துன்னு நீங்களே சொல்லுங்க. போன வருஷம் எங்க பிரிவு ஒரு கட்டடத்துக்குக்கூட அனுமதி குடுக்கல. அதனால இந்த ஊர்ல எங்க அனுமதியோட ஒரு கட்டடம்கூடத் தப்பாக் கட்டப்படல. ஸ்டேட்ல வேற எந்த ஆபீஸ் இதச் சொல்ல முடியும்?" சுவரில் மாட்டியிருந்த விருதைக் காட்டினார். சட்டம் போட்ட அந்த விருது கொஞ்சம் சாய்ந்துதான் தொங்கியது. மாரிமுத்து அதைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். லவினா அவர் முழங்கையைக் கிள்ளினாள்.

"சரிபண்ணிட்டு நாளே பன்னி," என்றார் மேடம். வெளியூர்க்காரன் கேட்டால் வசவென்று நினைப்பான். கன்னடத்தில் நாளைக்கு வாருங்கள் என்று மரியாதையாகச் சொல்வதுதான். ஆனாலும் அதைக் கேட்டுக்கொண்டு படியிறங்கும்போது மாரிமுத்துவுக்கு வசவு வாங்கினதுபோலத்தான் இருந்தது.

லவினா கடைக்குப் போய் விளக்கினாள். ஹேட்சை எங்கிருந்து போட ஆரம்பிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டருக்கு ஒரு புள்ளியைக் காட்ட வேண்டுமாம். அதற்கு ஆரிஜின் என்று பேர். அந்தப் புள்ளியை மூலையில் கொண்டுபோய் வைத்தால் இரண்டு பக்கத்துக் கோடும் ஒன்றாகிவிடும். வைத்தாள். ஒன்றாகிவிட்டது. மாரிமுத்து கைதட்டாத குறை.

படம் திரும்பி வந்தது. மூலை சரி. ஆனால் திலீப் வீட்டுப் பக்கத்துச் சுவரில் கோடு அறுந்து நிற்கிறதே? லைன் வீட்டுச் சுவர் ஒரே சுவர். ஒரே சுவருக்கு ஒரே ஆரிஜின்தான் இருக்க முடியும். ஆகையால் இருபத்து நாலு வீட்டையும் வரைந்து, முதல் வீட்டில் புறப்பட்ட கோடு கடைசி வீடு வரைக்கும் அறுபடாமல் வருவதைக் காட்டவும்.

டேப்பைப் பிடித்துக்கொண்டு மாரிமுத்துவும் லவினாவும் வீடு வீடாக ஏறினார்கள். கவர்மென்டில் என்னவோ தரப்போகிறார்கள் என்று லைனில் ஒரே பரபரப்பு. என் பேரையும் எழுதிக்கோ என்று ஆதார் கார்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கக்கூசுக்கு என்று சொன்னால் நம்புவாரில்லை. "ஒரு கக்கூசுக்கு இருவத்தி நாலு வூட்ட அளப்பாங்களா? இன்னாமோ மறைக்கிறீங்க," என்று திலீப்பே முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டு நாள் நாற்காலியைத் தூக்கவும் வரவில்லை. மாரிமுத்து ஒருவராகவே ராணியை முதுகில் சுமந்தார். அறுபத்திரண்டு வயசு. திரும்பி வந்து கட்டிலில் இறக்கியதும் அவளுக்குத் தெரியாமல் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தெரியாமலா இருக்கும்?

"எனுக்கு ஒண்ணும் வேணாம் விடுங்க," என்றாள் ராணி. "நான் தாங்கிப்பேன்."

"நீ தாங்குவ. கிட்னி தாங்குமா?"

ஒன்பது நாளில் இருபத்து நாலு வீட்டுப் படமும் தயார். கோடு முதல் வீட்டில் புறப்பட்டுக் கடைசி வீட்டில் போய் நின்றது. ஹேமந்த் பார்த்தான், பெரிதாக்கினான், உதட்டைப் பிதுக்கினான். மாரிமுத்து வீட்டுச் சுவர் மற்றச் சுவர்களைவிட மூன்று டிகிரி திரும்பியிருக்கிறதாம்.

திரும்பித்தான் இருக்கும். தொண்ணூறுகளில் ஒரு ராக் பர்ஸ்ட். பூமிக்குள்ளே பாறை வெடித்தது. மேலே லைனே குலுங்கியது. அன்றைக்கு மாரிமுத்து ஷிஃப்டில் இருந்தார். கீழே லெவலில் ஆறு பேரோடு பத்தொன்பது மணி நேரம் மாட்டிக்கொண்டார். மேலே சுவர் கோணிக்கொண்டதை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தார். உயிர் பிழைத்த சந்தோஷத்தில் சுவரைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. இதையெல்லாம் மேடத்திடம் சொன்னார்.

"ரொம்ப வருத்தம்," என்றார் மேடம். நிஜமாகவே வருத்தப்பட்டார். "ஆனா ரூல் பதினாலு, ஹேட்ச் சுவருக்கு நாப்பத்தஞ்சு டிகிரில இருக்கணும்னு சொல்லுது. ரூல் பதினஞ்சு, ஹேட்ச் வடக்கு திசைக்கு நாப்பத்தஞ்சு டிகிரில இருக்கணும்னு சொல்லுது. உங்க சுவர் கோணலா இருக்கறதால ரெண்டும் ஒண்ணா வராது."

"அப்ப எத வுடறது, மேடம்?"

"ரூல விடறதா? ரெண்டும் ரூல்தானே? ஒண்ணு பண்ணுங்க. சுவர் கோணினது இயற்கைச் சீற்றத்தாலதான்னு கம்பெனிகிட்ட ஒரு சர்ட்டிபிகேட் வாங்கி வாங்க."

கம்பெனியை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் வாசலில் முள்மரம் முளைத்துக் கிடக்கிறது. மாரிமுத்து அதைச் சொன்னார். மூடின கம்பெனி சர்ட்டிபிகேட் தராது என்று அந்தக் கம்பெனியிடமிருந்தே ஒரு கடிதம் வாங்கி வந்தால் போதும் என்று மேடம் சலுகை காட்டினார்.

படியில் உட்கார்ந்து மாரிமுத்து லவினாவிடம் சொன்னார்: "பாதாளத்துல மாட்டிக்கினப்பகூட எனுக்குப் பயம் இல்லம்மா. அந்தாண்ட இருந்து ஆளுங்க தோண்டிக்கினே வந்தாங்க, சத்தம் கேட்டுது. இங்க எவனும் தோண்டலியே."

லவினாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மேலே போய், நேரில் வந்து சுவரைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அவள் செய்த தப்பு அது. அதுவரைக்கும் தொல்லை தாளோடு இருந்தது.

ஹேமந்த் வந்தான். கூடவே இரண்டு பேர், ஓர் உளி, ஒரு சுத்தி, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கிற முக்கோண மட்டம் ஒன்று. ராணி கட்டிலில் படுத்திருக்க, அவள் தலைமாட்டுச் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி பூச்சை உதிர்த்தார்கள். தூசியில் அவள் இருமினாள், இருமினால் இடுப்பில் உயிர் போகும், பல்லைக் கடித்துக்கொண்டாள். உள்ளே செங்கல் தெரிந்தது. ஹேமந்த் மட்டத்தை வைத்துப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"அங்கிள், செங்கல் படுத்துகிட்டு இருக்கு!"

"செங்கல்லு படுத்துகினுதான் இருக்கும், தம்பி. வரிசையா படுக்க வச்சுத்தான் கட்டுவாங்க."

"படத்துல சாய்வா இருக்கே? நாப்பத்தஞ்சு டிகிரி எங்க? ஹேட்ச் எங்க?"

"அது அடையாளம்பா! செங்கல்லு கீதுன்னு ஒரு அடையாளம்!"

ஹேமந்த் அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, ஏமாந்துபோன துக்கம்தான் இருந்தது. அங்கேயே நின்று போனை வாயருகே வைத்துக் கன்னடத்தில் ரிப்போர்ட்டைச் சொன்னான்; போன் அதைக் கேட்டுத் தானே எழுதிக்கொண்டது. இந்தச் சுவரில் ஹேட்ச் சரியில்லை, மூலையில் மட்டுமல்ல, மொத்தமும் ஹேட்ச் தவறு, நீக்கிவிட்டுத் திரும்பப் போடவும் என்பதுதான் அவன் சொன்னது. பாவம், அந்தப் போனுக்கு ஹேட்ச் என்ற வார்த்தை தெரியாது. தெரிந்த கன்னட வார்த்தையைப் போட்டுக்கொண்டது: ஹெச்சு.

எங்கள் ஊரில் மூன்று பாஷை தெரியாதவன் கிடையாது. ஹெச்சு என்றால் அதிகம், கூடுதல், இருக்க வேண்டியதற்கு மேலே இருப்பது என்று குழந்தைக்கும் தெரியும். ஆபீசில் ரிப்போர்ட்டைச் சுருக்கி ஆறாம் நாள் கதவில் ஒட்டின கன்னட நோட்டீசை மாரிமுத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். இந்தச் சுவரில் ஹெச்சு உள்ளது. மூலையில் மட்டுமல்ல, மொத்தமும் ஹெச்சு. ஏழு நாளில் நீக்கவும்.

"இன்னா போட்டுகீறான்?" என்று கட்டிலிலிருந்து கேட்டாள் ராணி.

"நம்ம வூடு மொத்தமும் அதிகமாம்."

"யாருக்கு?"

மாரிமுத்து நோட்டீசைக் கிழியாமல் உரித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அவரும் லவினாவும் மறுபடி மாடியேறினார்கள். நளினி மேடம் நோட்டீசைப் படித்தார், ரிப்போர்ட்டைப் படித்தார், ஹேமந்தைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் தலையைச் சொறிந்தான். தப்பு நடந்திருக்கிறது என்று மேடம் உடனே ஒப்புக்கொண்டார். அந்தப் பெருந்தன்மையை மறைக்கக் கூடாது.

"வார்த்த தப்பு," என்றார். "ஆனா கையெழுத்து சரி. அது என் கையெழுத்து. இப்ப வார்த்தய மாத்தினா, தப்பான வார்த்தைக்குக் கீழ நான் கையெழுத்துப் போட்டேன்னு ஆகும். இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் எதையும் படிக்காம கையெழுத்துப் போட்டதில்லைன்னு பேரு வாங்கியிருக்கேன். அத நான் படிக்காம போட்ட ஒரு கையெழுத்துக்காக விட்டுக்குடுக்க முடியுமா?"

"அப்ப வூட்ட இடிக்கவா, மேடம்?" என்றார் மாரிமுத்து. "கக்கூசு கேட்டு வந்தேன். அவ தண்ணி குடிக்கமாட்டேங்கறா மேடம். செத்துருவா."

மேடம் இளகிவிட்டார். "சே சே, இடிக்க யார் சொன்னா? ஃபைல்ல நீக்கினா போதும். படத்துல இருக்கற ஹேட்ச எடுத்துருங்க. ஹேட்ச் போனா ஹெச்சு போச்சு. நோட்டீசும் முடிஞ்சுது, ஒழுங்கின்மையும் முடிஞ்சுது. ஆயித்து!"

அப்படி ஒரு வழி இருப்பது லவினாவுக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை! ஓடிப்போய் மாரிமுத்து வீட்டை மட்டும் தனியாக எடுத்து, சுவர்களுக்குள் இருந்த கோடுகளையெல்லாம் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் அழித்துப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தாள். மேடம் வெள்ளைவெளேரென்ற அந்தப் படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். அவர் கண் பனித்தது.

"இத்தன வருஷத்துல ஒரு கோடுகூட விலகாத படம் இதுதான்," என்றார்.

அன்றைக்கே ஒப்புதல் முத்திரை விழுந்தது. மாரிமுத்து பஜாரில் கால்கிலோ மைசூர்பாகு வாங்கி லவினாவுக்குக் கொடுத்து, மிச்சத்தை ராணிக்குக் கொண்டுபோனார். கொத்தனார் தாளை வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, இதுல சொவுரே இல்லியே."

இல்லைதான். கோட்டாபீஸ் ரூல் இரண்டின்படி ஹேட்ச் இருந்தால்தான் சுவர், ஹேட்ச் இல்லாதது வெற்றிடம். முத்திரைக்குக் கீழே பொடி எழுத்தில் எழுதியும் இருந்தது: லைனில் ஒன்பதாம் எண், காலி மனை, 14க்கு 22, ஒப்புதல் தரப்பட்டது. காலி மனையில் கக்கூஸ் மட்டும் எப்படிக் கட்டுவது? வீடு இருந்தால்தானே வீட்டுக்குள் கட்ட முடியும்?

மாரிமுத்து மறுபடி மாடியேறினார். மேடம் மீட்டிங்கில் இருந்தார். மறுநாளும் மீட்டிங். அதற்கடுத்த நாளும். லைன் வீடுகளுக்கு நடுவே காலியிடமே கிடைக்காமல் இரண்டு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு திட்டத்துக்குத் திடீரென்று இடம் கிடைத்துவிட்டதாம், அதனால் மூச்சுவிட நேரமில்லையாம். வாசலில் இருந்த பியூன் சந்தோஷமாகச் சொன்னான்.

திங்கட்கிழமை காலையில் ஹேமந்த் வீட்டுக்கு வந்தான். கையில் சாக்பீஸ், டேப், ஒரு பெரிய படம். மாரிமுத்துவும் திலீப்பும் அப்போதுதான் ராணியை நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். "கங்கிராட்ஸ் அங்கிள்!" என்றான். நாலுக்கு ஆறு கேட்டவருக்கு மேடம் பதினாலுக்கு இருபத்திரண்டு தந்துவிட்டார். பொதுக் கழிப்பறை, எட்டு அறை, டைல்ஸ் போட்டது. ஹேட்ச் எல்லாம் கச்சிதம், மேடமே பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்தாராம்.

மாரிமுத்துவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது ஹேமந்த் குனிந்து அவர் வீட்டுத் தரையில் கோடு போட ஆரம்பித்திருந்தான். அடுப்பைச் சுற்றிக்கொண்டு ஒரு கோடு, கட்டிலுக்கு அடியில் ஒரு கோடு, ராணியின் நாற்காலியைச் சுற்றி ஒரு சதுரம்.

"ஆன்ட்டி இருக்கலாம், பரவால்ல," என்றான். "ஆனா நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய போகணும் அங்கிள். இது லேடீஸ் பக்கம்."

திலீப் நாற்காலியின் காலை விட்டுவிட்டு வெளியே போய் நின்றான். அவனுக்கு வேலைக்குப் போகிற ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ராணி இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அவசரம் என்று முகத்திலேயே தெரிந்தது.

"அவரும் போய்ட்டா என்ன யாருப்பா தூக்குவாங்க?" என்றாள்.

ஹேமந்த் படத்தைப் புரட்டினான். அதற்கு அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மாரிமுத்து நகரவில்லை. சாக்பீஸ் கோட்டுக்குள்ளேயே, ராணியின் காலடியில், சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கேஸ் ஆகிவிடும் என்று ஹேமந்த் கெஞ்சினான். பெண்கள் பகுதியில் அத்துமீறல், பெரிய செக்ஷன், வேண்டாம் அங்கிள்.

"போட்டுக்கோ!" மாரிமுத்து கத்தினார். முப்பது வருஷத்தில் அந்த லைன் அவர் கத்திக் கேட்டதில்லை. "கேசு போடணும்னா வெலாசம் எழுதணும் இல்ல? இது காலி மனன்னு நீதான சொன்ன? வூடும் இல்ல, சொவுரும் இல்ல, கதவும் இல்ல. எந்த வெலாசத்துல கீறான் இந்த மாரிமுத்துன்னு எழுதுவ? எழுது பாக்கலாம்!"

ஹேமந்த் பேனாவைத் திறந்தவன் அப்படியே நின்றான். ஒரு நிமிஷம் மாரிமுத்துவுக்குத் தான் ஜெயித்துவிட்டதாகவே தோன்றியது. ராணியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஹேமந்த் அந்தப் பெரிய படத்தை விரித்தான். பேனா முனையால் வாசலிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினான். எழுதினான். எழுதினதைப் படித்தும் காட்டினான், பையனுக்கு ஒளிவுமறைவு தெரியாது.

"மாரிமுத்து, அறுபத்திரண்டு வயசு. பெண்கள் கழிப்பறை, மூணாம் நம்பர் அறை." தாளைத் திருப்பி நீட்டினான். "இங்க ஒரு கையெழுத்து, அங்கிள்."